மூக்கு வாசல் காவலுக்கு ஒரு பந்தி

நத்தைக்குடிக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்ன சொல்லை அவர்களைப் போலக் கேட்டு நடக்கிறவர்களை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. பேருந்தில் 'படியில் நிற்காதீர்கள்' என்று எழுதியிருந்தால் ஒருவர்கூட நிற்க மாட்டார். அதே படியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு வருவார்கள். கண்டக்டர் கத்தினால், "எழுதினதைப் படிச்சுட்டுத்தானேய்யா உக்காந்திருக்கோம்" என்பார்கள். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஊரில் திருமேனி என்று ஒரு பம்புசெட் மெக்கானிக். தாய் தகப்பன் இல்லை, தாய்மாமன் குஞ்சிதபாதம் வளர்த்த பிள்ளை. தங்கமான குணம். மூக்கு மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. பனி பெய்தாலும் தும்முவான், வெயில் அடித்தாலும் தும்முவான். அவன் ஒரு தும்மல் போட்டால் தெருக்கோடியில் படுத்திருக்கும் மாடு எழுந்து நின்றுவிடும்.

அவனுக்கு ஈச்சங்காட்டில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் செண்பகவல்லி. அவள் காபியை நீட்ட, இவன் தும்ம, பாதி காபி இவன் சட்டையில், பாதி அவள் புடவையில். வேறு பெண்ணாக இருந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போயிருப்பாள். இவள் புடவையை உதறிக்கொண்டே, "மனசுல ஒண்ணும் மிச்சம் வெச்சுக்காம தும்முறீங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவ்வளவுதான், திருமேனிக்கு அவள் மேல் உயிராகிவிட்டது. கட்டினால் இவள், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று மாமனிடம் சொல்லிவிட்டான். அவளும் அவள் வீட்டில் அதையேதான் சொன்னாளாம்.

இடைஞ்சல் அவள் அப்பா தண்டாயுதம். சகுனம் பார்க்கிற மனிதர். பூனை குறுக்கே போய்விட்டால், அது திரும்பி வருகிற வரை நடுரோட்டில் காத்திருந்து அப்புறம் போகிறவர். முறை, மரியாதை இரண்டிலும் இம்மி பிசகக் கூடாது அவருக்கு. நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து மாப்பிள்ளை தும்மினான். தட்டைக் கீழே வைத்துவிட்டார். வேறு நல்ல நாள் பார்த்தார்கள். அன்றைக்கும் தட்டைத் தொட்டதும் தும்மல்.

"சம்பந்தி, பொண்ணு பிடிவாதமா இருக்கா, அதனால கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறேன்" என்றார் தண்டாயுதம். "ஆனா மாப்பிள்ளை தாலியைக் கையில எடுத்த பெறகு ஒரு தும்மல் விழுந்துச்சுன்னு வைங்க, எம் பொண்ணைக் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். ஆமா, சொல்லிட்டேன்."

திருமேனிக்கு அழுகை வந்துவிட்டது. அழுததில் இன்னும் ரெண்டு தும்மல் வந்தது.

மறுநாளே குஞ்சிதபாதம் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு டீக்கடை சிங்காரவேலுவும், கேள்வி கேட்கவென்றே பிறந்த நாவுக்கரசும் போனார்கள். டாக்டரம்மா மூக்கைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. உங்க உடம்புக்குள்ளயே ஒரு காவல் படை இருக்கு. லட்சக்கணக்குல இருக்காங்க. தெரியாத ஆள் எவன் உள்ள வந்தாலும் அடிச்சு விரட்டிடுவாங்க. அவங்களுக்கு நீங்க ஒழுங்கா சாப்பாடு போட்டா போதும். நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, மோர், பூண்டு தட்டிப் போட்ட மிளகு ரசம், எல்லாம் வீட்டுல இருக்கறதுதான். தண்ணி நிறையக் குடிங்க. நல்லாத் தூங்குங்க" என்றார்.

நாவுக்கரசு கையைத் தூக்கினார். "டாக்டரம்மா, அவங்க சைவமா, அசைவமா?"

வெளியே நோயாளிக் கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டு, "எல்லாம் சாப்பிடுவாங்க, போயிட்டு வாங்க" என்றார். பாவம், அந்த அம்மாவுக்கு நத்தைக்குடி புதுசு.

அன்று சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கூட்டம் போட்டார்கள். திருமேனி தன் வயிற்றையே குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாமா, இத்தனை வருஷமா இவ்வளவு பேரு எனக்காகக் காவல் காத்திருக்காங்க. ஒரு நாள்கூட சாப்பிட்டீங்களான்னு நான் கேக்கலியே!"

"உனக்குத் தெரியாது, நீ என்ன பண்ணுவே" என்று குஞ்சிதபாதம் தேற்றினார். "இனிமே குறை வைக்காம செஞ்சுடுவோம். முதல்ல நெல்லிக்காய். தலைக்கு ஒண்ணு கொடுக்கணும். லட்சம் பேரு இருக்கற இடத்துல ஒருத்தனுக்குக் கொடுத்து ஒருத்தனுக்குக் கொடுக்காம விட்டா மரியாதையா?"

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மூட்டை நெல்லிக்காய் வந்தது. திருமேனி தின்றான், தின்றான், பல்லெல்லாம் கூசி, நாக்கு மரத்து, வாய் கோணிக்கொள்கிற வரை தின்றான். மூட்டை அப்படியேதான் இருந்தது.

"இந்த வேகத்துல போனா கடைசி ஆளுக்குக் கிடைக்கறப்ப பேரன் பேத்தியே எடுத்துடுவான்" என்றார் நாவுக்கரசு. "ஒரு வாய்தானே இருக்கு அவனுக்கு. நமக்கும் வாய் இருக்கு. அவன் சார்பா நாமளும் தின்னா என்ன?"

அபாரமான யோசனை என்று ஊரே மெச்சியது. அன்றிலிருந்து திருமேனிக்காக ஊர் சாப்பிட ஆரம்பித்தது. ஒரு தெரு கொய்யா தின்றது, ஒரு தெரு அவித்த முட்டை தின்றது. முருங்கை மரங்களில் ஓர் இலை பாக்கியில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்களே என்று சிங்காரவேலு குடம் குடமாகக் குடித்துவிட்டு, கடையில் நிற்க முடியாமல் கொல்லைக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். நட்பு என்றால் அதுவல்லவா நட்பு!

தும்மல் மட்டும் நின்றபாடில்லை. மறுபடி கூட்டம்.

"நாம ஒரு தப்பு பண்றோம்" என்றார் குஞ்சிதபாதம். "தும்மல் எங்கேயிருந்து வருது? மூக்குலேர்ந்து. அப்ப மூக்கு வாசல்ல நிக்கிற காவலுக்குத்தான் தெம்பு இல்ல. நாம போடறதெல்லாம் வயித்துக்குப் போகுது. அங்க இருக்கறவன் தின்னு கொழுத்துட்டான். மூக்கு வாசல்ல நிக்கிறவன் பசியோட நிக்கிறான்."

"அவன் எறங்கி வந்து சாப்பிட்டுட்டுப் போகக் கூடாதா?" என்றார் நாவுக்கரசு.

"வாசலை யாரு பார்த்துப்பா? நீ வந்து நிப்பியா?"

நாவுக்கரசால் நிற்க முடியாதுதான். எல்லோரும் அதை யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

திருமேனி தொழில் தெரிந்தவன் அல்லவா, அவன் சொன்னான்: "மாமா, எதுவும் பள்ளத்துக்குத்தான் பாயும். மேட்டுக்கு ஏத்தணும்னா மோட்டார் வேணும். மூக்கு மேட்டுல இருக்கு, வயிறு பள்ளத்துல இருக்கு."

"மோட்டாரை உள்ள எறக்க முடியாது" என்றார் மாமன். "அப்ப மேட்டைப் பள்ளமாக்கிடுவோம்."

ரேஷன் கடைச் சுவரில் திருமேனியைத் தலைகீழாக நிறுத்தினார்கள். ரெண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். சிங்காரவேலு தரையில் படுத்துக்கொண்டு, பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசத்தைக் கரண்டி கரண்டியாக அவன் வாயில் ஊற்றினார். நான் பார்த்ததைச் சொல்கிறேன், ஊற்றிய ரசம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. திருமேனியின் முகம் தக்காளியாகச் சிவந்தது. கண் ரெண்டிலும் கரகரவென்று நீர் கொட்டியது.

"பார்த்தீங்களா?" என்று குஞ்சிதபாதம் பூரித்துப் போனார். "கண்ணுல நிக்கிறவனுக்கும் கெடைச்சிருக்கு. சாப்பாட்டைப் பார்த்து எத்தனை நாளாச்சோ, அழுவுறான் பாரு!"

"போதும் மாமா" என்று திருமேனி கத்தினான்.

"நீ சும்மா இரு. உனக்கா போடறோம்?"

அடுத்து தூக்கப் பிரச்சினை. டாக்டரம்மா நன்றாகத் தூங்கச் சொல்லியிருந்தார். சிங்காரவேலு கூடாதென்றார். அவர் கடைக்கு ஒரு வாட்ச்மேன் வைத்திருந்தார். முதல் நாளே அவனுக்கு வயிறு முட்டப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அவன் குறட்டை விட்டான். பாய்லரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"சாப்பாடு போட்ட காவல்காரன் தூங்குவான். இவனும் தூங்கிட்டா, எழுப்ப யாரு இருக்கா?" என்றார் அவர்.

"டாக்டரம்மா சொல்லைத் தட்டவும் முடியாதே" என்று குஞ்சிதபாதம் நெற்றியைத் தேய்த்தார். வெகுநேரம் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். இடது கண் தூங்கும்போது வலது கண் விழித்திருக்க வேண்டும். அப்புறம் ஷிப்டு மாறும். திருமேனி உண்மையாகவே முயன்றான். விரலால் ஒரு கண்ணை விரித்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். ரெண்டு கண்ணும் தூங்கவில்லை. மறுநாள் அவன் ஒயரை மாற்றிக் கொடுத்ததில், கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ள வேண்டிய மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அவன் வயிறு கடமுடவென்று உருள ஆரம்பித்தது. உருளாமல் என்ன செய்யும்? குஞ்சிதபாதம் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். முகம் இறுகியது.

"உள்ள சண்டைடா."

"யாருக்கும் யாருக்கும்?"

"அது சரியாக் கேக்கல. ஒருத்தன் முட்டை முட்டைன்னு கத்துற மாதிரி இருக்கு. பந்தியில யாரையோ விட்டுட்டோம்."

சண்டையைத் தீர்க்க மோர் கொடுத்தார்கள். மோர் குளிர்ச்சி, சளி பிடிக்கும் என்று யாரோ சொல்ல, அதைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். அது திரிந்து கட்டி கட்டியாகி நின்றது. "நல்லதாப் போச்சு, இலையில வைக்கலாம்" என்றார் நாவுக்கரசு.

கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. திருமேனி துரும்பாக இளைத்து, முன்னைவிட அதிகமாகத் தும்மிக்கொண்டிருந்தான். "அவ எனக்கு இல்லியா மாமா?" என்று அவன் கேட்டதும் குஞ்சிதபாதம் செருப்பை மாட்டினார். மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நம் ஆட்கள் நினைத்தார்கள். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"திருமேனி, சாப்பாட்டை நீங்க சாப்பிடுங்க. உக்காந்து சாப்பிடுங்க. பசிக்கிற அளவு போதும். எல்லாம் கலந்து, தினமும். ஒரு பொருளை மூட்டையாத் தின்னு ஒரு நாள்ல தெம்பு வராது. ராத்திரி ரெண்டு கண்ணையும் மூடித் தூங்குங்க. உள்ள யாருக்குப் பங்கு எவ்வளவுங்கறதை உடம்பு பார்த்துக்கும். அது உங்களைவிட விவரமானது." பிறகு மாமனைப் பார்த்து, "நீங்க மூணு பேரும் தயவுசெஞ்சு ஒண்ணும் செய்யாதீங்க" என்றார்.

சொன்ன சொல்லைக் கேட்கிறவர்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே. மூன்று பேரும் ஒன்றுமே செய்யவில்லை. குஞ்சிதபாதம் வயலுக்குப் போகவில்லை, சிங்காரவேலு அடுப்பு மூட்டவில்லை, நாவுக்கரசு கேள்விகூடக் கேட்கவில்லை. பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிம்மதியில் திருமேனி காலையில் இட்லியும், மத்தியானம் கீரையும் பருப்பும் ரசமும் மோரும், இடையில் ஒரு கொய்யாவுமாக மனிதனைப் போலச் சாப்பிட்டான். அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான். கன்னத்தில் சதை பிடித்தது. தும்மல் குறைந்தது. முகூர்த்த நாள் விடிந்தபோது அவன் மூக்கு காய்ந்த வாய்க்கால் மாதிரி சுத்தமாக இருந்தது.

ஈச்சங்காட்டில் பந்தல். மணவறையில் திருமேனி, பக்கத்தில் செண்பகவல்லி. எதிரே தண்டாயுதம் மாப்பிள்ளையின் மூக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஹோமப் புகை வந்தது, தும்மல் இல்லை. சாம்பிராணிப் புகை வந்தது, தும்மல் இல்லை. தண்டாயுதத்தின் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. ஐயர் தாலியை எடுத்துத் திருமேனி கையில் கொடுத்தார்.

"நிறுத்துங்க!"

யாரென்று பார்த்தால் குஞ்சிதபாதம். வேர்த்து விறுவிறுத்து மணவறை ஏறினார்.

"சம்பந்தி, பெரிய ஆபத்து. தெரியாத ஆள் யாரு வந்தாலும் அடிச்சு விரட்டுவாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க பையன் உடம்புல லட்சக்கணக்கான காவலு. நல்லாச் சாப்பிட்டுட்டு முறுக்கா நிக்கிறாங்க. உங்க பொண்ணு அவங்களுக்குப் புதுசு. இவன் தாலி கட்டப் பக்கத்துல போனா அவளுக்கு அடி விழும்."

தண்டாயுதம் திடுக்கிட்டார். "எம் பொண்ணு மேல கை வைப்பாங்களா?"

"கை இருக்கான்னு டாக்டரம்மா சொல்லல. ஆனா வைப்பாங்க."

"அப்ப என்ன செய்யறது?"

"முறையா அறிமுகப்படுத்தணும்" என்றார் சிங்காரவேலு கீழேயிருந்து. "மூக்குதான் பெரிய வாசல். அங்கதான் ஆளுங்க ஜாஸ்தி."

"முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார் ஐயர். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. முறை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்த பிறகு தண்டாயுதத்தை அசைக்க முடியுமா? மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

செண்பகவல்லி மாலையைச் சரிசெய்துகொண்டு, மாப்பிள்ளையின் மூக்கருகே குனிந்து, தெளிவாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் வணக்கம். நான் செண்பகவல்லி. ஈச்சங்காட்டு தண்டாயுதம் மக. இன்னையிலேர்ந்து உங்க வீட்டு ஆளு. என்னை வேத்து ஆளா நினைச்சுடாதீங்க."

அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரம் நழுவி, திருமேனியின் மூக்கு நுனியில் மெத்தென்று உரசியது.

திருமேனியின் கண் விரிந்தது. உதட்டைக் கடித்தான். மூச்சைப் பிடித்தான். ஐயோ பாவம், பார்க்கச் சகிக்கவில்லை.

"ஹா... ஹா... ஹாச்சூ!"

பந்தலில் கட்டியிருந்த காகிதத் தோரணம் ஆடியது. தவில்காரர் தூக்கின குச்சியை இறக்காமல் அப்படியே இருந்தார். தண்டாயுதம் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

"முடிஞ்சுது. வாம்மா, வீட்டுக்குப் போவோம்."

திருமேனியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் விழுந்தது. குஞ்சிதபாதம் தலையில் கை வைத்துக்கொண்டு மணவறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். செண்பகவல்லி மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"உக்காருங்கப்பா. யாரு தும்மினா?"

"என்னடி கேள்வி? காது கேக்கலியா உனக்கு?"

"அது தும்மல் இல்லப்பா. பதில். நான் வணக்கம் சொன்னேன், அவங்க வாங்கன்னாங்க. லட்சக்கணக்கான பேரு ஒரே நேரத்துல வாங்கன்னு சொன்னா அப்படித்தான் கேக்கும்."

தண்டாயுதம் யோசித்தார். பந்தலே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க ஊர்ல பத்து பேரு சேர்ந்து வாங்கன்னு சொன்னாலே வெடிச் சத்தம் மாதிரித்தான் கேக்கும்" என்றார் நாவுக்கரசு.

"வாங்கன்னுதான் சொன்னாங்களா? உனக்கு நல்லாத் தெரியுமா?" என்று மகளைக் கேட்டார் தண்டாயுதம்.

"எவ்வளவு மரியாதையாச் சொன்னாங்க! நீங்கதான் பதிலுக்கு ஒண்ணும் சொல்லாம எழுந்து நிக்கிறீங்க. அவங்க என்னப்பா நினைப்பாங்க?"

அது அவரைச் சுருக்கென்று தைத்தது. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மணவறை ஏறினார். மாப்பிள்ளையின் மூக்குக்கு நேரே குனிந்து, ரெண்டு கையையும் கூப்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணைப் பெத்தவன், படபடப்புல எழுந்துட்டேன். நீங்க எல்லாரும் இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

மல்லிகை உரசியதில் மிச்சமிருந்த கூச்சம் அப்போதுதான் திருமேனியின் மூக்கில் ஏறியது. இந்த முறை அவன் அடக்கிப் பார்க்கவில்லை.

"ஹாச்சூ! ஹாச்சூ!"

தண்டாயுதம் மெதுவாக நிமிர்ந்தார். துண்டை அவிழ்த்து முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எல்லாரும் சாப்பிட்டாச்சாம்" என்றார். "கெட்டி மேளம்!"